சிக்கன விலையில் இத்தாலியப் பழங்கார்: தேர்வும் சோதனையும்

ஃபியட், லான்சியா, ஆல்ஃபா ரோமியோ, ஆட்டோபியாங்கி ஆகிய நான்கு பெயர்களில், 1950-களின் நடுவிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் இத்தாலியத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த சாதாரண விலைக் கார்களே இவ்வுரையின் பொருள். ஃபெராரியும் லம்போர்கினியும் இதில் சேரா; அவை ஏலக்கூடங்களில் கைமாறுபவை. இங்கே பேசப்படுபவை டூரினிலும் மிலானிலும் நேப்பிள்ஸிலும் பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் தவணையில் வாங்கிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போன கார்கள். இலட்சக்கணக்கில் செய்யப்பட்டதால் அவற்றில் பல இன்றும் நடுத்தர வருமானக்காரரின் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வேறு நாட்டுக் கார்களில் காணக் கிடைக்காத ஏதோ ஒரு விநோதமும் இருக்கிறது.

அந்த விநோதம் வடிவமைப்பாளரின் குறும்பால் வந்ததன்று. அதற்குக் காரணங்கள் உண்டு. இத்தாலியில் காருக்குக் கட்டும் ஆண்டு வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்து ஏறிவந்தது. பெட்ரோல் மீதும் வரி கடுமை. 1970-களின் நடுவிலிருந்து 2,000 சி.சி.யைத் தாண்டிய காருக்கு மதிப்புக்கூட்டு வரி கூடுதல்; பின்னாளில் அது 38 சதவீதம் வரை ஏறியது. அந்தக் கொள்ளளவுக்குக் கீழே இருந்தால் ஏறத்தாழ அதில் பாதி. பழைய நகரங்களின் தெருக்களோ இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கத் திணறும் அளவுக்குக் குறுகியவை. இத்தனைக்கும் நடுவே, மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் சூரிய நெடுஞ்சாலை 1964-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. வாரம் முழுவதும் சந்தில் நுழைந்து வெளியேறிய அதே சின்னஞ்சிறு எஞ்சின், விடுமுறை வந்தால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி நாள் முழுதும் ஓட வேண்டியிருந்தது. குறைந்த கொள்ளளவிலிருந்து பெரிய எஞ்சினின் வேலையைக் கறக்க வேண்டிய கட்டாயத்தில்தான் அலுமினிய எஞ்சின்களும், இரட்டை கேம் ஷாஃப்ட்டும், ஐந்து கியர்களும், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் எதிர்பாராத இடங்களில் பொருத்தும் துணிச்சலும் சாதாரண மக்களின் கார்களுக்கு வந்தன.

வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது இதிலிருந்து பிறக்கிறது. பொறியாளர் எந்த இடத்தில் புதுமை செய்தாரோ, பெரும்பாலும் அதே இடத்தில்தான் அந்தக் காரின் பழுதும் குடியிருக்கிறது. ஆகவே விலைப் பட்டியலைப் படிக்கும் முன் காரின் அமைப்பைப் படிக்க வேண்டும்.

1976-இல் வந்த லான்சியா காமா இதற்குத் தெளிவான சான்று. படுத்த வாக்கில் எதிரெதிராக நான்கு சிலிண்டர்கள். பெரிய எஞ்சினின் கொள்ளளவு 2.5 லிட்டர், பினின்ஃபரினா வரைந்த கூபே வடிவம் இன்றும் பார்ப்பவரை நிறுத்திவைக்கும். ஆனால் பவர் ஸ்டியரிங்கின் பம்ப்பைச் சுழற்றும் பொறுப்பு இடப்பக்க கேம் ஷாஃப்ட்டின் மீது ஏற்றப்பட்டிருந்தது. குளிர்காலக் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். வண்டியைக் கிளப்பியவுடன் ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பினால் பம்ப்பின் சுமை முழுவதும் டைமிங் பெல்ட்டில் இறங்கும். பெல்ட் ஒன்றிரண்டு பல் தாவும். வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே எஞ்சின் போய்விடும். காரணம் தெரிந்தவருக்கு இதே கார் நம்பத்தக்கது: சக்கரங்களை நேராக வைத்துக் கிளப்பி, எஞ்சின் சற்றுச் சூடேறிய பிறகு திருப்பினால் போதும், பெல்ட்டுகளையும் காலக்கெடுவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். காமாவைப் பார்க்கப் போகிறவர் கவனிக்க வேண்டிய முதல் காட்சி, அதன் இப்போதைய உரிமையாளர் குளிர்ந்த எஞ்சினை எப்படிக் கிளப்புகிறார் என்பதுதான். அந்த ஒரு நிமிடத்தில் காரின் கடந்த பத்தாண்டு வரலாறு தெரிந்துவிடும்.

எஞ்சின் பழுதை எப்படியும் சரிசெய்யலாம். இத்தாலியப் பழங்காரின் ஆயுளை முடிப்பது துரு. இந்தக் கார்களின் உடல் தனிச் சட்டத்தின் மேல் உட்காரவில்லை. தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்துப் பற்றவைத்த உடலே சேசிஸாகவும் நிற்கிறது. பெட்டிக்குள் நீர் தேங்கினால் வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

ஆல்ஃபாசுட் காரின் கதை இதில் தனியிடம் பெறுகிறது. ஆல்ஃபா ரோமியோ அப்போது அரசுத் துறை நிறுவனம். வேலையில்லாமல் வடக்கே குடிபெயர்ந்துகொண்டிருந்த தென்னித்தாலிய மக்களுக்குச் சொந்த ஊரிலேயே வேலை கொடுக்க, நேப்பிள்ஸ் அருகே பொமில்யானோ தார்க்கோவில் புதிய தொழிற்சாலை எழுந்தது. ஆஸ்திரியரான ருடால்ஃப் ஹ்ருஷ்கா பொறியியலைக் கவனித்தார். ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ வடிவம் தந்தார். 1971-இல் டூரின் கண்காட்சியில் அறிமுகமான அந்தக் காரின் 1,186 சி.சி. எஞ்சின் தாழ்வாகப் படுத்திருந்ததால் வண்டியின் எடை தரையோடு ஒட்டியிருந்தது. முன்சக்கர இழுவை வண்டி வளைவில் இவ்வளவு துல்லியமாகத் திரும்பக்கூடும் என்பதை அக்காலத்தில் அது ஒன்றே காட்டியது எனலாம். ஆனால் வேலைநிறுத்தங்களால் உற்பத்தி அடிக்கடி நின்றது. தகட்டுக்குப் போதிய துருப் பாதுகாப்பும் கொடுக்கப்படவில்லை. சத்தத்தைக் குறைக்கவென்று உடலின் உட்பெட்டிகளில் நிரப்பிய நுரை, ஈரத்தை உறிஞ்சிவைக்கும் பஞ்சாக மாறியது. பத்து இலட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையில் செய்யப்பட்ட கார் இன்று அபூர்வமாகிவிட்டதற்கு எஞ்சின் காரணமன்று, இந்தத் தகடுதான்.

லான்சியா பீட்டாவுக்கு நேர்ந்தது இன்னும் பெரிய அவமானம். 1972-இல் வந்த அந்தக் காரில் எஞ்சினைத் தாங்கும் துணைச்சட்டம் உடலோடு சேரும் இடம் சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்தது. 1980-இல் பிரிட்டனில் செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுதின. நிறுவனம் உரிமையாளர்களிடமிருந்து கார்களைத் திரும்ப வாங்கி நொறுக்கியது. லான்சியாவின் நற்பெயர் அந்நாட்டில் பிறகு எழவே இல்லை. 1994-இல் அது அந்தச் சந்தையை விட்டே வெளியேறியது. பிற்காலப் பீட்டாக்களில் இக்குறை திருத்தப்பட்டது. ஆனால் பழைய பழி விலையில் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதால், நல்ல உடலோடு பிழைத்திருக்கும் பீட்டா கூபே அதன் தகுதியைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அறிந்து வாங்குபவருக்கு இது உண்மையான வாய்ப்பு.

துருவைத் தேடுவதற்குப் பெரிய கருவி தேவையில்லை. துணியில் சுற்றிய சிறு காந்தம், டார்ச் விளக்கு, ஒரு ஜாக்கி, அழுக்காவதைப் பொருட்படுத்தாத உடை ஆகியவை போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை; டிங்கரிங் செய்தவர் அப்பிய பட்டிதான் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பதும், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியையும் பேட்டரித் தட்டையும் விரலால் தடவிப் பார்ப்பதும் கட்டாயம். முன் கண்ணாடியின் கீழ் மூலைகளில் பெயின்ட் கொப்பளித்திருந்தால், கண்ணாடிச் சட்டத்தின் உள்ளே துரு நெடுநாளாக வேலை செய்திருக்கிறது என்று கொள்ளலாம். ஃபியட் 124 ஸ்பைடரில் முன்சக்கர ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் கோபுரங்களைப் பானட்டைத் திறந்து மேலிருந்தும், சக்கரத்துக்குள் தலையை நீட்டிக் கீழிருந்தும் பார்க்க வேண்டும். ஃபியட் எக்ஸ்1/9 காரில் இதே சோதனை பின்சக்கரங்களுக்குப் பொருந்தும். திறந்த கூரைக் கார்களில் கதவுக்குக் கீழே ஓடும் அடிப்பெட்டிகளே முதுகெலும்பு. கதவைத் திறந்துவைத்து, பக்கவாட்டில் ஜாக்கி போட்டுச் சற்றுத் தூக்கி, பிறகு கதவை மூடிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். கதவு விளிம்பில் இடித்தால் வண்டி நடுவில் வளைகிறது என்று பொருள். பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கிருந்து நகர்ந்துவிடுவதே நல்லது. இவற்றில் எந்தக் கார் ஆனாலும், முழு உடல் வெல்டிங் வேலைக்கு ஆகும் செலவு நல்ல கார் ஒன்றின் விலையைத் தாண்டிவிடும்.

துருவைப் பற்றி நம்பர் பிளேட்டும் சிறிது சொல்லும். 1985 வரை இத்தாலியில் வழங்கப்பட்டவை கறுப்புப் பலகைகள். மாகாணத்தின் சுருக்க எழுத்துகள் அவற்றில் இருக்கும். உரிமையாளர் வேறு மாகாணத்துக்கு மாறினால் பலகையும் மாற வேண்டும் என்பது அக்கால விதி. எனவே முதற்பதிவின் கறுப்புப் பலகையோடு நிற்கும் கார், 1994-இல் அவ்விதி போகும் வரை பெரும்பாலும் ஒரே மாகாணத்தில் வாழ்ந்திருக்கிறது. டூரினின் எழுத்துகள் இருந்தால் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பில் அது பல ஆண்டு ஓடியிருக்கும். தெற்கே உள்நாட்டு ஊர்களில் ஓடிய காருக்குத் தகடு கெட்டியாக இருக்கும். வெயிலில் டேஷ்போர்டும் இருக்கைத் துணியும் வெடித்திருக்கும். துணியைப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம் என்பதால் தெற்கத்திய காரே மேல். இதே காரணத்தால் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஓடிய 124 ஸ்பைடர்களுக்கு ஐரோப்பாவில் மதிப்பு உண்டு.

எஞ்சின்களில் அவுரேலியோ லம்ப்ரெதி ஃபியட்டுக்காக வடிவமைத்த இரட்டை கேம் எஞ்சினைப் பற்றி விரிவாகச் சொல்வது தகும். ஃபெராரியின் பெரிய எஞ்சின்களைச் செய்த கை அது. 1966-இல் 124 ஸ்பைடரோடு அறிமுகமானபோது அதன் கொள்ளளவு 1,438 சி.சி. சங்கிலிக்குப் பதிலாகப் பல் வைத்த ரப்பர் பெல்ட்டால் இரண்டு கேம் ஷாஃப்ட்டுகளையும் சுழற்றியது. இரட்டை கேம் எஞ்சினைப் பந்தயக் காரிலிருந்து குடும்பக் காருக்குக் கொண்டுவந்ததில் இந்த மலிவான பெல்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த எஞ்சின் பிறகு பல அளவுகளில் வளர்ந்து லான்சியா பீட்டாவிலும் டெல்டாவிலும் உட்கார்ந்து உலக ராலி வெற்றிகளைக் குவித்தது. பெல்ட்டின் வயது மட்டுமே அதன் பலவீனம். ஓடிய தூரம் குறைவு என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும் காரில் பெல்ட் இருபது ஆண்டு ஒரே இடத்தில் மடங்கிக் கிடந்து வெடித்திருக்கலாம். பில் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட் என்றே கணக்கிட வேண்டும்.

ஆல்ஃபா ரோமியோவின் பழைய அலுமினிய இரட்டை கேம் எஞ்சினில் இந்தக் கவலை இல்லை. அது சங்கிலியால் ஓடுவது. 1966 முதல் 1990-களின் தொடக்கம் வரை ஸ்பைடரைச் சுமந்தது அந்தக் குடும்பம்தான். அங்கே பார்க்க வேண்டியது சிலிண்டர் ஹெட் கேஸ்கெட். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற வெண்படலம் இருந்தால் எண்ணெயும் நீரும் கலக்கின்றன. ஜுசெப்பே புஸ்ஸோ வடிவமைத்த வி6 எஞ்சின் 1979-இல் ஆல்ஃபா 6 காரில் தொடங்கி 2005 வரை செய்யப்பட்டது. பளபளக்கும் உட்கொள் குழாய்களும் உயர்ந்த சுழற்சியில் எழும் குரலும் அதற்கு அடியார்களைச் சேர்த்திருக்கின்றன. இதுவும் பெல்ட் எஞ்சின். பெல்ட் மாற்றக் கூலி ஃபியட்டைவிட அதிகம் என்பதை விலை பேசும்போது மறக்கக் கூடாது.

கியர் பாக்ஸ் விஷயத்தில் ஆல்ஃபாக்களுக்கு ஒரு பொதுக் குறை உண்டு: இரண்டாம் கியரின் சின்க்ரோ (கியர் உராயாமல் விழச் செய்யும் வளையம்) தேய்வது. குளிர்ந்த வண்டியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது உறுமினால் அது பேரத்துக்கான காரணமே தவிர, விட்டுவிட்டு வருவதற்கான காரணமன்று. 1972-இன் ஆல்ஃபெட்டாவிலும் 1985-இன் ஆல்ஃபா 75-இலும் கிளட்சும் கியர் பாக்ஸும் பின் அச்சோடு இருக்கின்றன. எடை முன்னும் பின்னும் சமமாகப் பிரிகிறது. வளைவில் வண்டி நடனமாடும். ஆனால் நடுவிலுள்ள நீண்ட தண்டு எஞ்சினின் வேகத்திலேயே இடைவிடாமல் சுழல்வதால், அதை இணைக்கும் ரப்பர் வளையங்கள் தேய்ந்து பிளக்கின்றன. இருக்கைக்கு அடியில் உணரும் அதிர்வு, குறிப்பிட்ட வேகத்தில் வந்து பிறகு மறைந்தால் காரணம் அதுவே.

மின்சாரத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசினாலும் அதில் சொல்ல அதிகம் இல்லை. ஒளி மங்கும் விளக்கும் நின்றுபோகும் வைப்பரும் பெரும்பாலும் எர்த் இணைப்பு துருப்பிடித்ததன் விளைவு. ஃப்யூஸ் பெட்டியின் முனைகளைச் சுரண்டித் துலக்கினால் பாதி நோய் தீரும். யாரோ இடையில் வெட்டி ஒட்டிய ஒயரிங்தான் ஆபத்து. அதை டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

எந்தக் காரைத் தேர்வது என்ற கேள்விக்கு முதல் விடையாக ஃபியட் 500 வருவது இயல்பு. தாந்தே ஜியாகோசா வடிவமைத்து 1957 ஜூலையில் வெளிவந்த அதன் நீளம் 3 மீட்டருக்கும் குறைவு. பின்புறம் காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர், 479 சி.சி., 13 குதிரைத் திறன். 1975 வரை 35 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. பானட்டைத் திறந்தால் பெட்ரோல் தொட்டியும் ஸ்டெப்னியும் இருக்கும். கிளப்புவதற்குச் சாவியைத் திருப்பிவிட்டு, இருக்கைகளுக்கு நடுவே தரையில் நிற்கும் சிறு நெம்பை மேலே இழுக்க வேண்டும். கியர்களுக்குச் சின்க்ரோ இல்லை. கீழ் கியருக்கு வர, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்து கியரைப் போட வேண்டும். இத்தாலியர் இதை டொப்பியெத்தா என்பர். ஒரு வாரப் பழக்கத்தில் கால் தானாகச் செய்யத் தொடங்கும். 1965-க்கு முன் கதவுகள் பின்பக்கக் கீலில் திறந்தன. அவை இன்று விலையேறிவிட்டன. பிந்தைய எஃப், எல், ஆர் வகைகளே சிக்கனக்காரருக்கு உரியவை. எஃப், எல் வகைகளில் எஞ்சினின் எண் 110 என்று தொடங்காமல் 126 என்று தொடங்கினால், பின்னால் வந்த ஃபியட் 126-இன் எஞ்சின் மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுவதற்கு அது நல்ல மாற்றமே. அசல் கார் என்று சொல்லி அதற்கான விலை கேட்டால் கொடுக்கக் கூடாது.

500-இன் புகழ் அதன் விலையை ஏற்றிவிட்டதால், அதே அமைப்பின் மேல் வந்த 126-ஐப் பலர் கவனிப்பதில்லை. 1972-இல் தொடங்கி, போலந்தில் 2000 வரை அது செய்யப்பட்டது. உதிரிபாகம் இன்றும் போலந்திலிருந்து மலிவாக வருகிறது. இனிய சிறு காரைத் தேடுபவருக்கு ஆட்டோபியாங்கி ஏ112-உம் பொருந்தும். அதில் ஆபார்த் வகை விலை உயர்ந்தது, சாதாரண வகையோ அதே உருவத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். 1980-இன் ஃபியட் பாண்டா, விநோதத்தில் இவை எதற்கும் இளைத்ததன்று. ஜுஜாரோ கண்ணாடிகளை வளைக்காமல் தட்டையாகவே வைத்தார். டேஷ்போர்டுக்குப் பதில் நீண்ட துணிப்பை. பின்னிருக்கை இரண்டு கம்பிகளுக்கு இடையே தூளி போல் தொங்கும், கழற்றித் துவைக்கலாம். 1986-இல் செய்த மாற்றத்தில் தூளி போயிற்று, துருப் பாதுகாப்பு மேம்பட்டது. 1983-இல் வந்த நான்கு சக்கர இழுவை வகையை மலை ஊர்க்காரர்கள் கைவிட மறுப்பதால் அதன் விலை சாதாரணப் பாண்டாவைவிடப் பல படி மேலே.

திறந்த கூரை வேண்டுவோருக்கு மூன்று வழிகள். ஆல்ஃபா ஸ்பைடரின் முதல் வட்டவால் வகை 1967-இல் வந்த ‘த கிராஜுவேட்’ திரைப்படத்தால் பெயர் பெற்று எட்டாத விலைக்குப் போய்விட்டது. 1983-இல் கறுப்பு ரப்பர் வால் ஒட்டி வந்த மூன்றாம் வகையை அழகு ரசிகர்கள் ஒதுக்குகிறார்கள். ஓட்டத்தில் குறையில்லாத அதுவே மலிவானது. அமெரிக்காவில் விற்ற 1969 முதல் 1981 வரையிலான ஸ்பைடர்களில் ஸ்பிகா இயந்திர எரிபொருள் செலுத்தி இருக்கும். தெரிந்த மெக்கானிக் அருகில் இல்லாதவர் அதைத் தவிர்ப்பது நலம். ஃபியட் 124 ஸ்பைடரும் ஆல்ஃபா ஸ்பைடரைப் போலவே பினின்ஃபரினாவின் பிள்ளை; கூரையை ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே ஒரு கையால் விரிக்கலாம். மூன்றாவது ஃபியட் எக்ஸ்1/9. பெர்டோனே பட்டறையில் மார்செல்லோ காந்தினி வரைந்தது, 1972-இல் வந்தது. லம்போர்கினி மியூராவை வரைந்த அதே கை, 1,290 சி.சி. ஃபியட் 128 எஞ்சினை இருக்கைக்குப் பின்னே வைத்து, முன்னும் பின்னும் இரண்டு டிக்கி கொடுத்து, கழற்றிய கூரையை முன் டிக்கியில் வைக்கவும் இடம் ஒதுக்கியது. ரேடியேட்டர் முன்னே, எஞ்சின் பின்னே இருப்பதால் நீர்க்குழாய்கள் வண்டியின் அடியில் நீளமாக ஓடுகின்றன. அவற்றின் துருவையும், நீர் மாற்றியபோது காற்று முழுவதும் வெளியேற்றப்பட்டதா என்பதையும் கேட்டறிய வேண்டும். இத்தனை சிந்தனையை இவ்வளவு சிறிய விலைக்குள் அடக்கிய வேறொரு கார் இந்தப் பட்டியலில் இல்லை.

பொறியியலை நேசிப்பவருக்கு லான்சியா ஃபுல்வியா கூபே. 1965-இல் வந்தது; ஏறத்தாழ 13 பாகைக் கோணத்தில் ஒடுங்கிய வி4 எஞ்சின், இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே சிலிண்டர் ஹெட். ஃபியட் 1969-இல் லான்சியாவை வாங்கும் முன், செலவு பார்க்காமல் செய்த காலத்தின் படைப்பு. 1972-இன் மான்டே கார்லோ ராலியை சாண்ட்ரோ முனாரி வென்றது இதன் 1.6 எச்.எஃப். வகையில். 1.3 லிட்டர் சாதாரண வகையை இன்றும் முயன்றால் வாங்கலாம். எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் குறைவு என்பதால் சேவைப் பதிவேடு முழுமையாக உள்ளதையே எடுக்க வேண்டும். நாற்கதவுக் கார் வேண்டுவோருக்கு ஆல்ஃபா 75. கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுகள் கூரையில், ஹேண்ட் பிரேக் யு வடிவக் கைப்பிடி. முதல்முறை உட்காருபவர் தேடித் தவிப்பார். 1998-இன் ஆறு இருக்கை ஃபியட் மல்டிப்ளாவும் இவ்வரிசையில் சேரும் வயதை அடைந்துவிட்டது. முன்னே மூவர், பின்னே மூவர் அமரும் அந்தக் காரைப் பார்த்து ஊர் சிரித்தது. 1999-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது.

நான்கு பெயர்களுக்கு வெளியே நின்று சிக்கனக்காரரை இழுப்பது மசெராட்டி பைடர்போ. 1981 டிசம்பரில் அறிமுகமான அதன் இரண்டு லிட்டர் வி6-க்கு இரண்டு டர்போ. முன்னே சொன்ன வரி வரம்புக்குள் நின்று வேகம் காட்டச் செய்த ஏற்பாடு. வாங்கும் விலை ஒரு நல்ல ஆல்ஃபா 75-ஐ ஒட்டியிருக்கும். ஆனால் பழுது பார்க்கும் செலவு மசெராட்டியின் செலவு. கார்புரேட்டர் வைத்த முதல் ஆண்டுகளின் வண்டிகளைத் தொடாமல், எரிபொருள் செலுத்தி வந்த பிந்தைய வகைகளை மட்டும் பார்ப்பது அறிவுடைமை.

உதிரிபாகம் கிடைப்பது காரின் புகழைவிட அதன் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஃபியட் 500-க்கு ஒரு திருகு முதல் முழுத் தரைத்தகடு வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆல்ஃபா ஸ்பைடருக்கும் 124 ஸ்பைடருக்கும் அப்படியே. காமாவுக்கும் பீட்டாவுக்கும் எஞ்சின் பாகம் கிடைத்துவிடும். பின் விளக்கின் கண்ணாடியோ கதவுக் கைப்பிடியோ உடைந்தால் மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். ஆகவே அபூர்வ வகையில் வெளி அலங்காரப் பாகங்கள் குறைவின்றி இருக்கிறதா என்பதே எஞ்சினைவிட முக்கியமான சோதனை. உரிமையாளர் மன்றங்கள் இதில் பெருந்துணை. லிகூரியாவின் கார்லெண்டா என்ற சிற்றூரில் 1984-இல் தொடங்கிய ஃபியட் 500 மன்றம் ஆண்டுதோறும் ஜூலையில் நூற்றுக்கணக்கான கார்களைக் கூட்டுகிறது.

எண்ணிக்கை ஒரு காரை எப்படி வாழவைக்கிறது என்பதற்குத் தமிழ் வாசகர் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. ஃபியட் 1100டி இத்தாலியில் 1960-களிலேயே நின்றுபோனது. மும்பையின் பிரீமியர் நிறுவனம் அதையே 1,089 சி.சி. எஞ்சினோடு செய்துவந்து, பிறகு பிரீமியர் பத்மினி என்று பெயரிட்டு, நூற்றாண்டு முடியும் வரை விற்றது. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் வைத்த அந்த ‘ஃபியட் கார்’ டாக்டர்களும் வக்கீல்களும் தாமே ஓட்டிய வண்டியாகத் தமிழகத்து ஊர்களில் நின்றது; மும்பை டாக்சியாக 2023 அக்டோபர் வரை ஓடியது. இந்தியாவில் இத்தாலியப் பழங்காரை விரும்புபவருக்கு மிக எளிதாகக் கிடைப்பதும், எந்த மெக்கானிக்கும் அஞ்சாமல் கை வைப்பதும் அதுவே.

இத்தாலியிலேயே வாங்குபவர் காகிதங்களில் அவசரப்படக் கூடாது. லிப்ரெத்தோ எனப்படும் பதிவுப் புத்தகம் ஓட்டத் தகுதியைக் காட்டுவது. உரிமையைக் காட்டும் தாள் பழைய காருக்குத் தனியாக இருக்கும். பொது மோட்டார் பதிவேட்டில் நம்பர் பிளேட்டைக் கொடுத்து விவரம் பெற்றால், உரிமையாளர் யார், கடன் நிலுவை உண்டா, பதிவு நீக்கப்பட்டதா என்பது தெரியும். பண்ணைக் கொட்டகையில் கிடைக்கும் மலிவுக் கார்களில் பல, வரியைத் தவிர்க்க எப்போதோ பதிவு நீக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சாலைக்குக் கொண்டுவரும் அலைச்சல் விலையில் மிச்சமான பணத்தைத் தின்றுவிடும். உடலில் அடித்த சேசிஸ் எண்ணைப் புத்தகத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். 1966-இல் நிறுவப்பட்ட இத்தாலிய வரலாற்று ஊர்திச் சங்கமான ஏ.எஸ்.ஐ. தரும் சான்றிதழ், இருபது ஆண்டு தாண்டிய காருக்கு வரியிலும் காப்பீட்டிலும் சலுகை பெற்றுத்தரும். கார் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அதை உத்தரவாதமாகக் கொள்ள முடியாது.

காரைப் பார்க்கும் நாளில் வரிசை முக்கியம். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானட்டின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நேரத்தில், உடலை முழுதும் பார்த்து முடித்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அதன் குரலைக் கேட்டுவிட்டால் துருவைத் தேடும் பொறுமை போய்விடும். கிளப்பியதும் எழும் நீலப் புகை சில நொடிகளில் அடங்கினால் வால்வு சீல். ஓட்டம் முழுதும் தொடர்ந்தால் பிஸ்டன் ரிங். எண்ணெய் அழுத்த முள்ளைச் சூடான பிறகும் பார்க்க வேண்டும். கால் மணி நேரமாவது ஓட்டி, போக்குவரத்தில் நிற்கவைத்து, ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழல்கிறதா என்று கேட்க வேண்டும்.

வாங்கி வந்த காரை உடனே நெடும்பயணத்துக்கு எடுக்கக் கூடாது. டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், எல்லா எண்ணெய்கள், பிரேக் திரவம், குளிர்நீர் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் குழாய்களை ஓர் அங்குலம் விடாமல் புதிதாகப் போட வேண்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை இளக்குகிறது, சூடான எஞ்சின் மேல் சொட்டும் பெட்ரோலால் எரிந்துபோன கார்கள் பல. டயரின் பக்கத்தில் அச்சிட்ட நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். பத்தாண்டு தாண்டிய டயரை, பட்டன் தேயாமல் புதிது போல இருந்தாலும், கழற்றிவிட வேண்டும்.